நஜிமுதீன் பேரில் ஒரு பாக்டீரியா

தாராவியில் தெருவுக்குப் பேர் வைப்பார்கள், கட்டடத்துக்கு வைப்பார்கள், செத்துப்போன தலைவர் பேரில் தண்ணீர்க் குழாய்கூட ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும்போதே தன் பேரில் ஒரு பாக்டீரியா வைத்திருந்த ஆள் நஜிமுதீன் ஒருத்தர்தான். அதை அவர் சும்மாவும் வைத்திருக்கவில்லை. போனில் படம் பிடித்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பட்டறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். படத்தில் இருந்தது விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மூடியில் நீல மசியில் 'டி.என்.-7' என்று எழுத்து. டி என்றால் தாராவி, என் என்றால் நஜிமுதீன் என்று போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் விளக்கம் சொல்லுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு பொய் இருந்தது. பெரிய பொய் இல்லை, அரை டம்ளர் மண் அளவுக்கு ஒரு பொய். ஆனால் அதை விழுங்கிச் செரிக்க அவருக்கு மூன்று வருஷம் ஆனது.

கடையநல்லூரிலிருந்து பதினேழு வயதில் மாமாவின் முலாம் பட்டறைக்கு வந்தவர் அவர். இப்போது ஐம்பத்து நாலு. முலாம் என்றதும் தங்கம், வெள்ளி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். போல்ட்டு, நட்டு, கொக்கி, இவ்வளவுதான். கப்பலுக்கும் பெரிய மெஷினுக்கும் போகிற இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, அதன்மேல் காட்மியம் என்ற உலோகத்தை மெல்லிசாகப் படிய வைக்கிற வேலை. கரைசல் தொட்டியில் முக்க வேண்டும், கரண்ட் கொடுக்க வேண்டும், எடுத்து மூன்று தொட்டித் தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாக அலச வேண்டும். காட்மியம் விஷம் என்று மாமாவுக்கும் தெரியும். "சோத்துக்கு முந்தி கையை நல்லாக் கழுவுலே" என்பதோடு அவருடைய பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் முடிந்துவிடும். மாமா மவுத்தான பிறகு பட்டறை நஜிமுதீன் கைக்கு வந்தது. ஏழு வருஷம் முன்னால் சட்டம் கெடுபிடியானதும் காட்மியத்தை விட்டுவிட்டுத் துத்தநாகத்துக்கு மாறிக்கொண்டார்.

பட்டறையிலிருந்து இரும்பு ஏணி ஏறினால் வீடு. வீட்டுக்கு வெளியே, தகரக் கூரையின் ஓரத்தில், ஆள் ஒருத்தர் குந்தியிருக்கிற அளவுக்கு ஒரு சிமெண்டுப் பலகை. அவர் மனைவி சுலைகாவின் தோட்டம் அதுதான். பதினாலு வருஷம் முன்பு அவள் கேட்டாள் என்று நஜிமுதீன் ஒரு நீல டிரம்மைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார். அதில் புதினா வைத்தாள். அது காடாக வளர்ந்தது. அந்தச் சந்தில் எந்த வீட்டில் பிரியாணி கொதித்தாலும் ஒரு பிள்ளை ஏணிக்குக் கீழே வந்து நின்று "சுலைகா மாமி, ஒரு கட்டு புதினா" என்று கத்தும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி அண்டாவுக்கு முதல் கட்டு சுலைகா வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அது ஏட்டில் எழுதாத வழக்கம். அவளுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான், அதில் ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டாள்.

நாகலக்ஷ்மி வந்தது கொரோனா அடங்கிய வருஷம். ஆண்டாப் ஹில்லில் பிறந்து வளர்ந்த பெண், செம்பூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். பாதி முகத்துக்கு மாஸ்க், தோளில் ஐஸ்பெட்டி. வாசலில் நின்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"பாய், ஒங்க கட்டர்ல இருந்து கொஞ்சம் மண்ணு வேணும்."

அவளுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று நஜிமுதீன் எட்டிப் பார்த்தார். போன மாதம்தான் அடுத்த சந்தில் இரண்டு பட்டறைக்குச் சீல் வைத்திருந்தார்கள். கட்டர் என்றால் பட்டறைக் கழிவு ஓடுகிற சாக்கடை. அந்த மண்ணைக் கேட்டு ஒருத்தி வருகிறாள் என்றால் அவள் யார்? பொல்யூஷன்காரர்கள் அனுப்பின ஆள்தான்.

"எதுக்கு மேடம்?"

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். காட்மியம் கலந்த மண்ணில் நெல் வைத்தால் வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும், அரிசிக்கு வந்துவிடும், அரிசி வழியாக நம்முடைய கிட்னிக்கு. அந்த விஷத்துக்கு நடுவிலேயே பழகி வாழ்கிற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அதில் நல்லதாக ஒன்று கிடைத்து, அதை நெல்லின் வேரில் குடியேற்றினால், காட்மியத்தை வாசலிலேயே பிடித்து நிறுத்திவிடும், பயிருக்குள் விடாது. அந்த மாதிரி ஒன்றைத் தேடித்தான் காட்மியம் ஓடின இடமாகப் பார்த்து அலைகிறேன் என்றாள். நஜிமுதீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

"நாளைக்குக் காலைல வாங்க. நானே எடுத்து வைக்கேன். ஒங்களுக்கு எதுக்கு இந்த நாத்தம்" என்று அவள் கொண்டுவந்த பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சுலைகா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, ஏணியேறி, புதினா டிரம்மில் கையை விட்டு வேரோடு ஒரு பிடி மண் அள்ளினார். வீட்டு மண்ணில் எந்தக் கவர்மெண்டு என்ன குற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும்? ஆனால் அது பார்க்க ரொம்ப யோக்கியமான மண்ணாக இருந்தது. கட்டர் மண்ணுக்கு ஒரு கறுப்பு வேண்டாமா? டீ வடிகட்டியில் கிடந்த தேயிலைச் சக்கையை அதில் கொட்டி, குச்சியால் நன்றாகக் கலக்கினார். சீட்டில் 'நஜிமுதீன், கட்டர் மண்' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார். நாகலக்ஷ்மி வந்து வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, டீயும் குடித்துவிட்டுப் போனாள்.

சீல் வைக்க யாரும் வரவில்லை. மனிதர் மறந்தேபோனார். ஒன்றரை வருஷம் கழித்து அவளிடமிருந்து போன். "பாய், ஒரு நாள் செம்பூருக்கு வாங்க. நல்ல சேதி."

துணைக்குக் கணேசபாண்டியனைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துச் சந்தில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிற நாங்குநேரிக்காரர் கணேசபாண்டியன், வாயாடி. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வலைக் கூண்டுக்குள் வரிசை வரிசையாகத் தொட்டியில் நெல் நின்றது. எல்லாத் தொட்டியிலும் காட்மியம் கலந்த மண்தான். ஒரு வரிசை சோகை பிடித்தது மாதிரி மஞ்சளாக நின்றது. பக்கத்து வரிசை பச்சையாக, கதிர் வாங்கி நின்றது. இந்த வரிசையின் வேரில் உங்கள் மண்ணில் பிரித்தெடுத்த ஏழாம் நம்பர் பாக்டீரியா இருக்கிறது, அரிசியில் காட்மியம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது என்றாள் நாகலக்ஷ்மி. குழாயின் மூடியைக் காட்டினாள். மண் கொடுத்தவர் பேரின் முதல் எழுத்தைச் சேர்ப்பது அவள் வழக்கமாம்.

"ஒண்ணு மட்டும் புரியல பாய்" என்றாள். "கட்டர்ல இருந்து வர்றது வேர்ல ஒட்டி நிக்கிறது கஷ்டம். இது என்னடான்னா பிறந்ததுல இருந்து வேர்லயே இருந்தது மாதிரி ஒட்டுது."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கணேசபாண்டியன் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "வே பாய், ஒம்ம பேர்ல கிருமி! எங்களுக்குத்தான் அது முப்பது வருஷமாத் தெரியுமே" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நஜிமுதீனும் சிரித்தார், போனை எடுத்து மூடியைப் படம் பிடித்தார். அவ்வளவுதான், சொல்லும் நேரம் போய்விட்டது.

போன வருஷத்துக்கு முந்தின மே மாதம் ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர்ப்பெட்டி பழுதானது. சனி, ஞாயிறு இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. டி.என்.-7 இருந்த குழாய்கள் எல்லாம் அந்தக் கொதிப்பில் வெந்துபோயின. வேறு இடத்தில் பத்திரமாக வைத்திருந்த ஒன்றைத் திறந்து பார்த்தால் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. பன்வேலுக்கு அப்பால் ஒரு விவசாயி தன்னுடைய அரை ஏக்கரைச் சோதனைக்குத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவர் வயலில் ஏற்கனவே காட்மியம் ஏறியிருந்தது, அவர் வீட்டு அரிசியே அதில்தான் விளைந்தது. ஜூன் பிறந்தால் நாற்று விட வேண்டும்.

நாகலக்ஷ்மி மறுபடி பட்டறைக்கு வந்தாள். இந்தத் தடவை அவளே கையுறை மாட்டிக்கொண்டு கட்டரில் இறங்கினாள். மூன்று நடையில் பதினோரு பாட்டில் மண் எடுத்தாள். நாலாவது நடை வந்தபோது பாட்டில் எடுக்கவில்லை, பட்டறை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இல்ல பாய். ஒங்க கட்டர்லயே அது இல்ல. ஆறு வருஷ வேலை. அந்த விவசாயிகிட்ட போய் என்ன சொல்லுவேன்?"

நஜிமுதீன் மெதுவாகக் கேட்டார். "மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கேன். அது வேற நல்ல மண்ணுல இருந்திருக்குமோ? வீட்டு மண்ணு, செடி மண்ணு, அந்த மாதிரி?"

"சான்ஸே இல்ல. வருஷக்கணக்கா காட்மியத்துல கெடந்து பழகினாத்தான் அப்படி ஒண்ணு வரும். நல்ல மண்ணுல அதுக்கு என்ன வேலை?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நஜிமுதீன் ஏணியை நிமிர்ந்து பார்த்தார். புதினா மண்ணில் அது இருந்தது என்றால் புதினா மண்ணில் காட்மியம் இருந்தது. அந்த நீல டிரம் எது? கரைசல் நின்ற டிரம். அது மட்டுமா? தண்ணீர் வராத நாளெல்லாம் அலசு தொட்டியின் மூன்றாம் தண்ணீரை வாளியில் மொண்டு மேலே கொண்டுபோய்ப் புதினாவுக்கு ஊற்றினது யார்? மூன்றாம் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். தாராவியில் தெளிந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறோம் என்று பெருமை வேறு பட்டிருக்கிறார், வருஷக்கணக்காக. அந்தப் புதினாவைத்தான் சுலைகா தினமும் அரைத்தாள், தின்றாள். சந்தும் தின்றது. நோன்பு வைத்த சனம் முழுக்கக் குடித்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மேலே போனார். தட்டில் சோறு, மீன்குழம்பு, ஓரத்தில் பச்சைப் பசேலென்று புதினாத் துவையல். தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னங்க, உப்பு கூடிட்டா?"

சொன்னார். பாட்டிலில் பொய் மண்ணை வைத்ததிலிருந்து மூன்றாம் தண்ணீர்வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சுலைகாவின் பார்வை வெளியே நீல டிரம்முக்குப் போனது. பிறகு கேட்டாள்.

"அந்த டிரம்ம நீங்கதான வெட்டித் தந்திய?"

"கழுவித்தான் தந்தேன் சுலைகா."

"கழுவித் தந்தியளாக்கும்." அவள் துவையல் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள். "பதினாலு நோன்புக் கஞ்சி. எத்தன பிள்ளைய குடிச்சிருக்கும், எத்தன வயசாளிய குடிச்சிருக்கும். நான் எம் பங்குன்னு நெனச்சி நெனச்சிக் குடுத்தேன்." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான். "அந்தப் பிள்ளைக்கு இப்பமே போனப் போடுங்க. ஒங்க பேரு போனாப் போகுது."

ஒரு மணி நேரத்தில் நாகலக்ஷ்மி வந்துவிட்டாள். ஏணிப் படியில் நின்றபடியே முழுவதையும் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் சிவந்தது. ஆறு வருஷ வேலையில் மூன்று வருஷமாக ஒரு ஆளின் பயம் தப்பான இடத்தை நம்பவைத்திருக்கிறது, யாருக்குத்தான் கோபம் வராது?

"அப்போ அந்தக் கறுப்பு?" என்றாள்.

"எந்தக் கறுப்பு?"

"அந்த மண்ணுல கறுப்பா துகள் துகளா இருந்துச்சு. என்ன கனிமம்னு தெரியாம மூணு வாரம் மைக்ராஸ்கோப்புல ஒக்காந்திருந்தேன் பாய்! எங்க சார்கிட்டயும் போய்க் காட்டினேன்!"

"டீத்தூள் சக்கை" என்றார் நஜிமுதீன், குற்றவாளி குரலில்.

நாகலக்ஷ்மி படியிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். கோபமா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு எழுந்து வேலையைப் பார்த்தாள். டிரம்மில் மண் எடுத்தாள், வேர் எடுத்தாள், இலையைத் தனியாகப் பறித்துப் பையில் போட்டாள். நஜிமுதீனும் சுலைகாவும் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி, எந்த டாக்டரைப் பார்ப்பது என்றும் எழுதிக் கொடுத்தாள்.

ரிசல்ட் வரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் நஜிமுதீன் முலாம் போட்ட சாமான்களில் பாதி திரும்பி வந்தது, அவ்வளவு லட்சணமாக வேலை நடந்தது. சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். புதினா வாங்கின வீடு ஒவ்வொன்றுக்கும் அவரே போய், வாசலில் நின்று, நடந்ததைச் சொன்னார். சில வீட்டில் திட்டினார்கள், வாங்கிக்கொண்டார். பள்ளிவாசல் கமிட்டியிலும் போய்ச் சொன்னார். கணேசபாண்டியனுக்கு மட்டும் கேலி செய்ய வாய் வரவில்லை, கூடவே நடந்து வந்தார். வீட்டில் சுலைகா தேவைக்குமேல் ஒரு சொல் பேசுவதில்லை. அவள் சட்டியில் குனியும்போதும் ஏணியில் மூச்சுவாங்க ஏறும்போதும் நஜிமுதீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வரட்டும், அவளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர ஐந்து வேளைத் தொழுகையிலும் அவர் வேறெதையும் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் நாகலக்ஷ்மி வந்தாள். இந்தத் தடவை ஏணியை இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

"மாமி, மண்ணுல காட்மியம் எக்கச்சக்கம். வேர்லயும் இருக்கு. எலையில ரொம்பக் கம்மி, மார்க்கெட் புதினாவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வேர் பூராவும் டி.என்.-7 மொய்ச்சுக்கிட்டு நிக்குது. உள்ள விடல மாமி, வாசல்லயே பிடிச்சு வச்சிருக்கு."

சுலைகாவின் சோதனைத் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. நஜிமுதீனுக்குத்தான் காட்மியம் கொஞ்சம் கூடுதல். அது புதினா கொடுத்ததில்லை, முப்பது வருஷப் பட்டறை கொடுத்தது. கிட்னி இப்போதைக்கு நன்றாக வேலை செய்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். நஜிமுதீனுக்குத் தன் பங்கு காதிலேயே விழவில்லை. சுலைகாவின் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளை மாதிரி அழுதார். பன்னிரண்டு நாளாகச் சரியாகப் பேசாதவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போதும், அந்தப் பிள்ளை பாக்குது" என்றாள்.

பேரை எடுத்துவிடச் சொல்லி அவரே கேட்டார். கட்டுரை அந்தப் பேரில் ஏற்கனவே வெளியாகிவிட்டது, பேரை மாற்ற முடியாது, ஆனால் மண் எங்கே எடுத்தது என்பதைத் திருத்தி வெளியிட்டே ஆக வேண்டும் என்றாள் நாகலக்ஷ்மி. இப்போது அங்கே 'தாராவி, திருமதி சுலைகா வளர்த்த புதினாவின் வேர் மண்' என்று இருக்கிறது. சுலைகா அந்த வரியை நஜிமுதீனையே வாசிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். நீல டிரம் பத்திரமாக மூடிக் கட்டப்பட்டுச் செம்பூருக்கு டெம்போவில் போனது. ஜூனில் விட்ட நாற்றைப் பிடுங்கி, ஜூலையில் பன்வேலுக்கு அப்பால் அரை ஏக்கரில் அதன் வேரை டி.என்.-7 கரைசலில் நனைத்து நட்டார்கள். நவம்பரில் அறுத்துச் சோதித்தபோது, பக்கத்து வயல் அரிசியில் வரம்புக்கு மேலே இருந்த காட்மியம் இதில் வரம்புக்குள் நன்றாகவே அடங்கியிருந்தது. ஒரு போகம்தான், இன்னும் இரண்டு போகம் பார்க்காமல் பெரிதாக எதுவும் பேசக்கூடாது என்று நாகலக்ஷ்மி கறாராகச் சொன்னாள். அந்த விவசாயிக்கு அதெல்லாம் பொறுக்கவில்லை. சோதனை முடிந்த அரிசியில் ஐந்து கிலோ கட்டி, "புதினா பாபிக்கு", அதாவது புதினா மதினிக்கு, என்று கொடுத்து அனுப்பினார்.

சுலைகா அதைத் தொடாமல் வைத்திருந்தாள். மார்ச்சில் நோன்பு பிறந்ததும், முதல் நாள் கஞ்சிக்கு அந்த அரிசியை எடுத்துக்கொண்டு அவளே பள்ளிவாசல் அடுப்படிக்குப் போனாள். கூட ஒரு கட்டு புதினா. அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர் புதினாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு கணம் தயங்கினார். நஜிமுதீன் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கம்போல் தூக்குவாளியோடு கஞ்சி வாங்க வந்து நின்ற கணேசபாண்டியன்தான் வாயைத் திறந்தார்.

"மதினி, இந்தப் புதினா எந்த டிரம்லயாக்கும்?"

"டிரம் இல்ல, மண்தொட்டி" என்றாள் சுலைகா. "புதுத் தொட்டி, புது மண்ணு, குழாத் தண்ணி. நானே கழுவுனேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்டாக்காரரும் சிரித்துக்கொண்டே கட்டைப் பிரித்து முழுவதையும் உள்ளே போட்டார். பாங்கு சொன்னதும் சுலைகா முதல் கோப்பையை வாங்கி, அப்போதும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த நஜிமுதீன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"குடிங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆகல."